கார் வருவதற்கு முன் எர்த் வரட்டும்

கேள்வி: ஐயா, நான் ஓசூர் சிப்காட்டில் ஓர் ஆலையில் வேலை செய்கிறேன். மத்திகிரியில் சொந்த வீடு, பழைய வயரிங். வீட்டில் இரண்டு மின்சார ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. ஒன்றில் நான் ஷிஃப்டுக்குப் போகிறேன், மற்றொன்றில் மனைவி அத்திப்பள்ளிக்கு வேலைக்குப் போய்வருகிறார். ஹால் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, போர்டிகோவில் இரண்டையும் ராத்திரி சார்ஜ் போடுகிறோம். கொஞ்ச நாளாக, சார்ஜில் இருக்கும்போது வண்டியின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. பிளக்கும் சூடாகிறது. மெயின் போர்டில் இருந்த ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகிறதென்று எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிட்டார். ‘எம்சிபி இருக்கே சார், அது போதும்’ என்கிறார். எர்த் கம்பி போர்வெல் பைப்பில் கட்டியிருக்கிறது. அடுத்த மாதம் மின்சாரக் கார் வருகிறது. அதற்குச் சுவரில் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்ட வேண்டும் என்கிறார்கள். இந்த நிலையில் மாட்டலாமா? வேறென்ன செய்ய வேண்டும்?

— வாசகர், மத்திகிரி

பதில்: மாட்டக் கூடாது. கார் சார்ஜரை விடுங்கள், ஸ்கூட்டர்களையே இன்று இரவு அந்த இடத்தில் சார்ஜ் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நான்கு தவறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். நான்கும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதுதான் ஆபத்து.

நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. டிவிஎஸ், ஏதர் ஆலைகள் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில், சிம்பிள் எனர்ஜி சூளகிரியில் என்று நாடு ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு நம் மாவட்டத்திலிருந்துதான் போகிறது. ஆலைக்குள் கையில் பிடிக்கும் டிரில்லிங் மெஷினைக்கூட ஆர்சிசிபி இல்லாத லைனில் போட சூப்பர்வைசர் விட மாட்டார். எர்த் குழிக்கு நம்பர் போட்டு, அளவெடுத்த தேதியை அருகிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அதே ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எர்த் கம்பியைப் போர்வெல் பைப்பில் சுற்றிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

அந்தச் ‘சுர்’ எங்கிருந்து வருகிறது?

சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் எர்த்தோடு சேரும். அவற்றின் வழியே மிகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கசியும். எர்த் நன்றாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் எங்கோ அறுந்திருந்தால் சார்ஜரின் உலோகப் பகுதி 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். தொட்டால் சுர்ரென்னும்.

அந்தக் கசிவு மட்டும் ஆளைக் கொல்லாது. ஆனால் அது சொல்லும் சேதி கவலைக்குரியது: உங்கள் எர்த் வேலை செய்யவில்லை. நாளைக்குச் சார்ஜருக்குள் இன்சுலேஷன் போய்ப் பேஸ் நேராக உலோகத்தில் பட்டால், அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக உங்கள் உடம்பைத் தவிர வேறு வழி இல்லை. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று வண்டியை எடுக்கும் மழைக்காலக் காலை ஒன்றை நினைத்துப் பாருங்கள்.

எம்சிபி ஏன் போதாது?

எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்சிபி அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனித உடம்பில் 30 மில்லியாம்பியருக்கு மேல் மின்சாரம் பாய்ந்து நீடித்தாலே இதயத் துடிப்பு குலையும் அபாயம் தொடங்குகிறது. 16 ஆம்பியர் அதைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஆள் விழுந்து கிடப்பார், எம்சிபி ஆன் நிலையில் நின்றுகொண்டிருக்கும்.

‘எர்த் நன்றாக இருந்தால் எம்சிபி விழுமே’ என்று உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்லக்கூடும். நம் மண்ணில் அந்தக் கணக்கு பலிக்காது. மின்வாரியம் கம்பத்திலிருந்து பேஸ், நியூட்ரல் இரண்டைத்தான் தருகிறது. எர்த் நம் வீட்டுக் குழியிலிருந்து வருகிறது. பேஸ் உலோகத்தில் பட்டால், அந்த மின்சாரம் நம் குழி வழியாக மண்ணுக்குள் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் பூமி. நாலடி தோண்டினால் பாறை தட்டும் இடங்கள் ஏராளம், கோடையில் மேல்மண்ணும் காய்ந்துவிடும். இங்கே ஒரு குழியின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். அதற்கு மேல் ஓட வழியே இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி எப்படி விழும்? விழாது. வண்டியின் உடம்பு 200 வோல்ட்டுக்கு மேல் ஏறி அப்படியே நிற்கும்.

அதே இடத்தில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருந்தால் கதை வேறு. பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டினால் நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் லைனைத் துண்டிக்கும். கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக விழும். பாறை மண்ணில் எர்த் எவ்வளவு முயன்றாலும் சுமாராகத்தான் அமையும் என்பதால்தான், மற்ற ஊர்களைவிட நமக்கு ஆர்சிசிபி கூடுதல் அவசியம். அதைக் கழற்றிவிட்டு டைரக்ட் கொடுத்தது உங்கள் வீட்டில் நடந்த மிகப் பெரிய தவறு.

ஏன் அடிக்கடி டிரிப் ஆனது?

ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுவது அரிது. பழைய வீடுகளில் வழக்கமான காரணங்கள் சில உண்டு. ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனோடு கலந்திருப்பார்கள், குறிப்பாக வீட்டு யூபிஎஸ் மாட்டும்போது. சுவருக்குள் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கீசரின் காயில் கசியும். போர்வெல் மோட்டார் கேபிளின் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். இவற்றோடு இரண்டு சார்ஜர்களின் இயல்பான கசிவும் ஒரே ஆர்சிசிபியில் சேர்ந்தால், அது விழாமல் என்ன செய்யும்?

எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால், எந்த லைனில் கோளாறு என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். நியூட்ரல் எர்த்தைத் தொடும் கோளாறு அப்படிச் சிக்காது. அதற்கு நியூட்ரல் வயர்களையும் பிரித்து இன்சுலேஷன் டெஸ்டரால் பார்க்க வேண்டும். அரை நாள் வேலைதான். பழைய ஆர்சிசிபியைச் சரிபார்த்து வீட்டுக்குத் திரும்ப மாட்டுங்கள். சார்ஜ் லைனுக்கு வேறு ஒன்றைத் தனியாகப் போடுங்கள்.

எந்த ஆர்சிசிபி?

கடையில் ‘30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் டைப் ஏசி ரகத்தைத்தான் தருவார்கள். லைட், ஃபேனுக்கு அது சரி. மின்வாகன சார்ஜருக்குச் சரியில்லை. சார்ஜர் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. உள்ளே பழுது வந்தால் கசிவும் முழு அலையாக இருக்காது, அலை பாதியாக வெட்டப்பட்டு வரும். அதை டைப் ஏசி சரியாக உணராது. அதனால் குறைந்தபட்சம் டைப் ஏ வேண்டும். அட்டையை நம்ப வேண்டாம், கருவியின் முகப்பில் உள்ள குறியைப் பாருங்கள். கட்டத்துக்குள் ஓர் அலை மட்டும் இருந்தால் டைப் ஏசி. அலைக்குக் கீழே பாதி அலைகளும் வரைந்திருந்தால் டைப் ஏ.

கார் சார்ஜரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏற்ற இறக்கமே இல்லாத சுத்தமான நேர்மின்னோட்டம் கசிந்தால், ஆர்சிசிபிக்குள் இருக்கும் காந்த வளையம் நிறைவடைந்து மரத்துப் போகும். பிறகு உண்மையான கசிவு வந்தாலும் அது அசையாது. டைப் ஏ 6 மில்லியாம்பியர் வரைதான் இதைத் தாங்கும். ஆகவே ஷோரூமில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தச் சார்ஜருக்குள் 6 மில்லியாம்பியர் டிசி கசிவைக் கண்டு துண்டிக்கும் வசதி இருக்கிறதா?’ இருக்கிறது என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, போர்டில் டைப் ஏ போடுங்கள். இல்லை என்றால் டைப் பி போட வேண்டும். டைப் பி பல மடங்கு விலை. எனவே அந்த வசதி உள்ள சார்ஜரைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம்.

இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் மின்வாகன சார்ஜிங்குக்கென 2019-ல் சேர்த்த பகுதி, 2023-ல் வந்த புதிய விதிகளிலும் தொடர்கிறது. ஒவ்வொரு சார்ஜிங் முனைக்கும் தனி லைன், 30 மில்லியாம்பியருக்கு மேற்படாத ஆர்சிடி (ஆர்சிசிபி இதில் ஒரு வகை), அது குறைந்தது டைப் ஏ, பேஸோடு நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது, சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரம், எக்ஸ்டென்ஷன் வயரும் அடாப்டரும் கூடாது — எல்லாம் அதில் இருக்கின்றன. சார்ஜிங் நிலையங்களை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் என்றாலும், வீட்டுக்கும் இவற்றையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

பிளக் சூடாவது ஏன்?

இரண்டு ஸ்கூட்டர் சார்ஜர்கள் ஒவ்வொன்றும் 750 வாட் இழுத்தால், சேர்த்து ஆறரை ஆம்பியர். உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியருக்கானது என்றால் அளவு ஏற்கெனவே தாண்டிவிட்டது. மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். சார்ஜர் ராத்திரி முழுக்க நிற்காமல் இழுக்கும். கார் வந்தால் சாதாரண 16 ஆம்பியர் பிளக்கிலேயே 14 ஆம்பியர் மணிக்கணக்கில் போகும். சாக்கெட்டுக்குள் பிடிப்புத் தளர்ந்து 0.1 ஓம் தடை இருந்தால் போதும், அந்த ஒரே புள்ளியில் சுமார் 20 வாட் வெப்பம் எழும். சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்துவிட்டுத் தூங்குவது போலத்தான். இந்தச் சூட்டை எம்சிபியும் பார்க்காது, ஆர்சிசிபியும் பார்க்காது. நல்ல சாக்கெட், இறுக்கமான ஸ்குரூ, சரியான வயர் இவைதான் காவல். ஆலையில் பார்த்திருப்பீர்களே, மூடியோடு நீல நிறத்தில் வரும் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். உங்கள் காரின் சார்ஜர் நிறுவனம் ஒப்புக்கொண்டால் போர்டிகோவுக்கு அதுவே நல்லது.

எர்த் எப்படிப் போடுவது?

போர்வெல் பைப்பிலிருந்து கம்பியை அவிழ்த்துவிடுங்கள். நம் பக்கம் பாறை தட்டியதும் கேசிங் நின்றுவிடும், இப்போதெல்லாம் கேசிங்கே பிளாஸ்டிக்தான். அது எர்த் ஆகாது. போதாக்குறைக்கு, மோட்டாரில் பழுது வந்தால் அந்த வோல்டேஜ் அதே கம்பி வழியாக உங்கள் ஸ்கூட்டருக்கு ஏறி வரும்.

குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு எலக்ட்ரோடு இறக்கிச் சரியான குழி போடுங்கள். பாறை குறுக்கிட்டால் துளைபோட்டு இறக்கி, பென்டோனைட் போன்ற கலவையால் நிரப்பலாம். அப்படியும் தடை குறையவில்லை என்றால், எலக்ட்ரோடின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டாவது குழி போட்டு இணையுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற வசதி வையுங்கள். அளவைக் கோடையிலும் எடுங்கள். ஐப்பசி மழையில் எடுத்த அளவு சித்திரையில் செல்லாது.

ஒரு குறுக்கு வழி இங்கே பரவலாக நடக்கிறது. எர்த் சரியில்லை என்றால் பல கார் சார்ஜர்கள் சிவப்பு விளக்குக் காட்டிச் சார்ஜ் செய்ய மறுக்கும். உடனே சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். விளக்குப் பச்சையாகிவிடும். பிறகு அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட். அப்படிச் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் அவரை வேலையை விட்டு இறங்கச் சொல்லுங்கள்.

7.2 கிலோவாட் தேவையா?

எனக்குச் சந்தேகம். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய்வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதற்குச் சிறிய கார் ஏழெட்டு யூனிட் செலவழிக்கும். 3.3 கிலோவாட் சார்ஜரில் இரண்டரை மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். 7.2 கிலோவாட் என்றால் 31 ஆம்பியர். 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயராவது வேண்டும், தூரம் அதிகமானால் இன்னும் பெரிது. 40 ஆம்பியர் எம்சிபி, அதற்கேற்ற ஆர்சிசிபி, மின்வாரியத்திடம் லோடு உயர்த்த விண்ணப்பம் என்று வேலை நீளும். 3.3-க்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரும், 16 ஆம்பியர் எம்சிபியும், டைப் ஏ ஆர்சிசிபியும் போதும். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாக இணைந்த ஆர்சிபிஓ கிடைத்தால் இன்னும் வசதி. வெயிலில் எம்சிபி விழுகிறதென்று 25 ஆம்பியராக மாற்றிவிடாதீர்கள். காரின் செட்டிங்கில் ஆம்பியரைக் குறையுங்கள்.

காரோடு வரும் கையடக்கச் சார்ஜருக்குள்ளேயே ஒரு பாதுகாப்புக் கருவி இருக்கும். அது தனக்குப் பின்னால் உள்ள கேபிளையும் காரையும்தான் காக்கும். சுவர் சாக்கெட்டும் அதுவரை வரும் வயரும் உங்கள் பொறுப்பு.

மற்ற வாசகர்கள் கேட்டவை

கேள்வி: தளி பக்கம் கிராமம். கோடை மழைக்கு இடி அதிகம், வோல்டேஜும் ஏறி இறங்குகிறது. சார்ஜர் போய்விடுமா?

பதில்: போகலாம். இரண்டும் வேறு வேறு நோய்கள். இடியால் வயரில் பாயும் திடீர் வோல்டேஜுக்கு மெயின் போர்டில் டைப் 2 எஸ்பிடி போடுங்கள், அதற்கும் நல்ல எர்த் வேண்டும். வீட்டு மேல் இடிதாங்கி இருந்தால் டைப் 1-ம் சேர வேண்டும். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் ஒற்றைப் பேஸ் வீட்டுக்கு 400 வோல்ட்வரைகூட வரலாம், அதை எஸ்பிடி தடுக்காது. வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் லைனைத் துண்டிக்கும் தனிக் கருவி வேண்டும். இடி இடிக்கும்போது பிளக்கை உருவிவிடுவது இவை எல்லாவற்றையும்விட மலிவு. விளக்குகள் திடீரென்று மிகப் பிரகாசமானால் மெயினை இறக்கிவிட்டு மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள்.

கேள்வி: சூளகிரியில் வாடகை வீடு. வாசலை ஒட்டிய நடையில்தான் ஸ்கூட்டர் நிற்கும். ஆர்சிசிபி போட்டால் தீ பயம் இல்லையா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். ஆர்சிசிபி கசிவை நிறுத்தும், பேட்டரிக்குள் எழும் தீயை நிறுத்தாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த இத்தகைய தீ விபத்துகளுக்குப் பிறகுதான் இருசக்கர வாகனப் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 விதி கடுமையாக்கப்பட்டது. வெளியேறும் வழியில் ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள். வண்டியை வெளியே நிறுத்த இடம் கேளுங்கள். மீட்டர் போர்டிலிருந்து ஆர்சிபிஓ வைத்த ஒரு தனி லைன் இழுக்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வையுங்கள். அது அவர் வீட்டுக்கும் காப்பு.

கேள்வி: அத்திப்பள்ளியில் ஃபிளாட். பேஸ்மென்ட்டில் சார்ஜர் வைக்க அசோசியேஷன் தயங்குகிறது. கர்நாடகத்தில் விதி வேறா?

பதில்: எல்லை தாண்டினால் மின்வாரியமும் கட்டணமும் மாறும், பாதுகாப்பு விதி மாறாது. மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் நாடு முழுமைக்கும் பொது. வீட்டில் இருக்கும் இணைப்பிலிருந்தே சொந்த வண்டியைச் சார்ஜ் செய்ய மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்களும் அனுமதிக்கின்றன. ஆனால் அசோசியேஷனின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆளாளுக்கு மேலிருந்து வயர் தொங்கவிட்டால் பேஸ்மென்ட் வலைப்பின்னலாகிவிடும். பொதுவான கேபிள் பாதை, வண்டி நிற்கும் இடத்துக்கு ஐந்து மீட்டருக்குள் சார்ஜர், ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்சிசிபி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்தும் அவசர சுவிட்ச் என்று திட்டமாக எழுதிக் கொடுங்கள். சம்மதம் எளிதாகக் கிடைக்கும்.

மத்திகிரி வாசகருக்கு மீண்டும்: வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் எர்த். அடுத்து பழைய வயரிங்கில் கசிவைக் கண்டுபிடித்து, வீட்டு ஆர்சிசிபியைத் திரும்ப மாட்டுவது. பிறகு ஸ்கூட்டருக்கும் காருக்கும் டைப் ஏ காவலுடன் தனித்தனி லைன். கடைசியில்தான் சார்ஜர். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் நான்கு அளவீடுகளை எழுதி வாங்குங்கள்: எர்த் தடை, இன்சுலேஷன் தடை, ஆர்சிசிபி விழும் நேரம், முழு லோடில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜ். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும். இந்த நான்கு எண்களும் கையில் வராமல் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அதற்காகக் காரின் டெலிவரி இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் போகட்டும்.